கிளேஸ் வாளியும் கிணற்றுத் தண்ணீரும்

ஜூலை 7, திங்கள்
காற்று. முற்றமெல்லாம் மணல். கோப்பை பளபளக்கப் பூசும் சாம்பல் கரைசல், கிளேஸ், மறுபடியும் வாளிக்குள் கட்டி. தயிர் தோற்கும். தண்ணீர் விட்டு இளக்கினால், முக்கியெடுத்த கோப்பை காயும்போது பூச்சு வெடிக்கிறது. கற்பிட்டி ஹோட்டல்காரர் கேட்ட கோப்பைகள் இப்படிப் பிழைப்பது இது மூன்றாம் தடவை.

ராத்தா, எனக்கு மூத்தவள், சக்கரத்தில் இருந்தபடியே பார்த்தாள். "இந்த முறையும் பிழைச்சா நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறதுதான். ஏஜன்சிக்காரன் போன்ல ரெண்டு தரம் கோல் எடுத்துட்டான்."

வனைவது அவள், பூசுவது நான். பிழைப்பது எப்போதும் என் பக்கம்.

வாங்க: காலைக்குப் பாண், நெருப்புப்பெட்டி, சல்லடைத் துணி.

ஜூலை 9, புதன்
சாம்பல்தான் காரணம் என்று முடிவு. தேங்காய் மட்டைச் சாம்பலில் உப்பு. அது கரைந்து கிளேஸைத் திரைய வைக்கிறது. கிணற்றடியில் கழுவினேன். தெளியவிட்டு, வடித்து, மீண்டும் கழுவி. கை எரிகிறது. புதிதாகக் கரைத்துப் பூசியாயிற்று, நாளை சூளை.

ஜூலை 12, சனி
சூளை திறந்தோம். பூச்சு சுருண்டு, இடையிடையே வெறும் மண். சொறிநாய் மாதிரி.

ராத்தா ஒன்றை எடுத்து விளிம்பைத் தடவினாள். "போதும் புள்ள. இனி ஏலா."

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பின்னேரம் பாஸ்போர்ட்டோடு ஏஜன்சிக்குப் போகப் புத்தளம் பஸ் ஏறினாள்.

ஜூலை 16, புதன்
பில்டர் தண்ணீர்க்கார நானா பாலாவியிலிருந்து வந்தார். கேனை இறக்கிவிட்டு, "கிணத்துத் தண்ணி இன்னமும் கரிப்பா?"

"வாயில வெக்க ஏலா நானா."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். அந்தத் தண்ணீரில்தான் சாம்பலைக் கழுவினேன். கிளேஸ் கரைத்ததும் அதில்தான். உப்பை உப்பால் கழுவிய மடைச்சி.

ஜூலை 17, வியாழன்
கேன் தண்ணீரில் சாம்பலைக் கழுவி, புதிதாகக் கரைத்தேன். கட்டியில்லை. ஆனால் பகலுக்குள் எல்லாம் அடியில், கல்லாக. உட்கார்ந்து அழுதேன். பிறகு, திரைய வைப்பது உப்புதானே என்று, பேதியுப்பு கொஞ்சம் கரைத்து விட்டுக் கிளறினேன். அடியில் போகாமல் நின்றது. உப்பும் வேண்டும்தான், துளியாக. உடைந்த கோப்பைத் துண்டொன்றை முக்கினேன். வெடிக்காமல் காய்ந்தது.

வாளியோடு ராத்தாவிடம் ஓடினேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். விரலை விட்டுப் பார்த்தாள்.

"பால் மாதிரி இருக்குடி." பிறகு, "நான் சைன் வெச்சிட்டேன்."

ஜூலை 20, ஞாயிறு
காற்று நிற்கவில்லை. ராத்தாவை ஏர்போட் வேனில் ஏற்றிவிட்டு வந்தேன். சோறு ஆக்கவில்லை. வாளியைக் கிளறிப் பார்த்தேன். அடியில் ஒன்றும் தங்கவில்லை, நல்ல பதம். முக்க ஒரு கோப்பை இல்லை. எனக்கு வனையத் தெரியாது.