தாடையில் பதிந்த விரல்கள்

கடலூர் முதுநகர்
10.6.2024

அன்பு மகள் ரேகாவுக்கு அம்மா எழுதுவது. என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருப்பதால் இந்தக் கடுதாசி. ஐந்தாவது வரை படித்த கை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு ஏழாவது மாதம் என்று மாப்பிள்ளை ராபர்ட் சொன்னார். வளையல் போட்டு, பிரசவத்துக்கு இங்கே கூட்டிவர வேண்டும். போன பிரசவத்தை நினைத்து வராமல் இருந்துவிடாதே. செத்துப்போனவன் எனக்கும் பேரன். முப்பத்தொரு நாள் என் மடியில் கிடந்தான். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் இருநூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவள் நான். பெற்ற மகள் வயிற்றை நிரப்பத் தெரியாதவள் என்று என்னைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது.

அம்மா
சவரியம்மாள்

சிதம்பரம்
18.6.2024

அம்மாவுக்கு,

வர மாட்டேன்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று ஒரு பிடி சோறு வைத்தாய். அதையும் நான் வாந்தி எடுத்துவிடுவேன். "எம்பொண்ணு மாதிரி பத்தியம் காக்க எவளால முடியும்?" என்று ஜெயராணி சித்தியிடம் பெருமை பேசினாய். அது பத்தியம் இல்லை அம்மா, பட்டினி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். சோற்றைப் பார்த்தாலே பயம். இங்கே டாக்டர் அதை நோய் என்கிறார். திமிர் இல்லையாம்.

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு என்ன செய்தாய்? சொந்தக்காரர்கள் எதிரில் என்னைக் கீழே தள்ளி, நெஞ்சில் முட்டியை ஊன்றினாய். தாடையைப் பிளந்து சோற்றை அடைத்தாய். "எம்பேரனத் தின்னவதானடி, இதையும் தின்னு!" என்றாய். கரண்டி பட்டுப் பல் உடைந்தது. சோறு, பல், ரத்தம் எல்லாவற்றையும் விழுங்கினேன். உன் விரல் தடம் பத்து நாள் என் முகத்தில் இருந்தது.

அவன் நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் போனான். டாக்டர் அதை உன்னிடமும்தான் சொன்னார்.

ரேகா

கடலூர் முதுநகர்
25.6.2024

ரேகா கண்ணு,

உன் கடுதாசியைச் சுக்குச் சுக்காகக் கிழித்தேன். அப்புறம் பொறுக்கியெடுத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி மறுபடி படித்தேன்.

இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சின்ன வயதில் நீ அடம்பிடித்தால் மூக்கைப் பொத்துவேன், வாய் தானாகத் திறக்கும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அன்றைக்கு யாரையாவது கொல்ல வேண்டும் போலிருந்தது. ஆண்டவரை அடிக்க முடியாது. நீ பக்கத்தில் இருந்தாய். உன் புடவையில் பால் வாடை வந்தது. குடிக்க அவன் இல்லை. அந்த வாடைக்கும் சேர்த்து அடித்தேன்.

அவனை நீ தின்னவில்லை. அப்படிச் சொன்ன வாய் என்னுடையது. ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா?

அம்மா

சிதம்பரம்
30.8.2024

அம்மா,

பெண் பிறந்திருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். டாக்டரிடம் விடாமல் போகிறேன். மூன்று வேளையும் உன் மாப்பிள்ளை என்கூட உட்கார்ந்து சாப்பிடுகிறார். என் தட்டைப் பார்க்காமல் கிரிக்கெட் பேசுவார். சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வா. எதுவும் ஆக்கி எடுத்து வராதே. "எளைச்சிட்டியே" என்று சொல்லாதே. என் முகத்தைத் தொடாதே.

ரேகா

கடலூர் முதுநகர்
9.9.2024

ரேகா கண்ணு,

நேற்று சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து வந்துவிட்ட உன் அம்மா என்ன நினைப்பில் வந்தாள் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நீ சொன்ன மூன்றையும் காப்பாற்றினேன். "அத்தை, நீங்களும் ஒக்காருங்க" என்றார் மாப்பிள்ளை. உட்கார்ந்தேன். பாதிச் சோற்றில் நீ நிறுத்தினாய். கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாய். அப்போது என் கை எழுந்தது ரேகா. உன் தாடைக்குத்தான் வந்தது. நீ பார்க்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தார். பேச்சை நிறுத்தாமலே நகர்ந்து, நம் இரண்டு பேருக்கும் நடுவில் தோளை வைத்தார்.

"தூக்கிக்கம்மா" என்று பிள்ளையைக் காட்டினாய். அந்தக் கையால் தூக்க மனம் வரவில்லை.

மாப்பிள்ளை நல்லவர், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நானே எழுதுகிறேன். உன் வீட்டில் உனக்கு ஆபத்து நான்தான். என்னை உள்ளே விடாதே. அழுதாலும் விடாதே.

பேத்திக்குச் சோறு ஊட்டுகிற வயது வரும். அப்போதும் என்னைக் கூப்பிடாதே. தன் கையால் அள்ளித் தின்னவும், வேண்டாம் என்றால் தட்டைத் தள்ளவும் அவள் பழகட்டும். அதற்கப்புறம், வரலாமா என்று அவளுக்கே எழுதிக் கேட்கிறேன்.

அம்மா