நூல்நண்பனின் இலவசப் பதில்கள்

மார்ச் 3, திங்கள்

நூலகங்களுக்காக நான் எழுதிய மென்பொருளை இன்றோடு நானூறு நூலகங்கள் பயன்படுத்துகின்றன. நிரலையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? காசு வரவேண்டியது பராமரிப்பு ஒப்பந்தத்தில். சிக்கல் வந்தால் கூப்பிடுவார்கள், நான் சரிசெய்வேன். ஒப்பந்தம் போட்டிருப்பது ஒரே ஒரு நகர நூலகம். நிர்வாக இயக்குநர் நான். எனக்குக் கீழே வேலை செய்பவனும் நான்தான். சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டான்.

மார்ச் 5, புதன்

மனைவி பிடித்துக்கொண்டாள். "இணையக் குழுவுல யார் என்ன கேட்டாலும் பத்து நிமிஷத்துல ஓசியில பதில் சொல்லிடுறீங்க. அப்புறம் எவன் ஒப்பந்தம் போடுவான்?" ஜூன் வரைதான் பொறுப்பாளாம். அதற்குள் இன்னும் இரண்டு ஒப்பந்தம் வராவிட்டால் கடையை மூடிவிட்டு வேலைக்குப் போக வேண்டும். இனி குழுவில் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தேன்.

மார்ச் 6

கை பரபரக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு பள்ளி ஆசிரியை மூன்று நாளாகக் குழுவில் கெஞ்சுகிறார். திரும்பி வந்த புத்தகமெல்லாம் வராததாகவே காட்டுகிறதாம். ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்! மனசு கேட்குமா? 'நூல்நண்பன்' என்று வேறு பெயரில் நுழைந்து பதில் போட்டேன். சத்தியம் செய்தது நான். பதில் சொன்னது அவன்.

ஏப்ரல் 17, வியாழன்

நூல்நண்பனுக்கு ஏக மரியாதை. 'கடவுள் மாதிரி வந்தீங்க ஐயா' என்கிறார்கள். என்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது — எனக்கென்ன பைத்தியமா?

மே 20, செவ்வாய்

நகர நூலகத்திலிருந்து கடிதம். மனைவிதான் சத்தமாகப் படித்தாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லையாம். குழுவில் நூல்நண்பன் என்பவர் எல்லாவற்றுக்கும் இலவசமாகவே பதில் சொல்கிறாராம், அதுவும் என்னைவிடப் பொறுமையாக.

"யாருங்க இந்த ஆளு? நம்ம பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறான்!"

நான் அவசரமாகக் கடிதத்தை வாங்கி மடிக்க ஆரம்பித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அடப்பாவி" என்றாள். அவ்வளவுதான். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. வெட்கமா இருக்கு. அஞ்சு வருஷம் நாயா உழைச்சிட்டு, கடைசில நானே —

ஜூலை 1, செவ்வாய்

பழைய அலுவலகத்திலேயே சேர்ந்துவிட்டேன். முன்பு எனக்குக் கீழே இருந்தவர்தான் இப்போது மேலாளர். இருக்கையைக் காட்டிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உங்க கம்பெனி நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு சார்? என்ன ஆச்சு?"

"போட்டி தாங்க முடியல" என்றேன்.