முத்திரை குத்தாத தராசு

ஸ்ரீரங்கம்
14.09.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி வீரமலை அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் மகள் தேவதர்ஷினி எங்கள் வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறாள். ஜீயபுரம் ஒரு பஸ் தூரம், இதற்கு ஒரு கடிதமா என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் நான் போனை எடுத்தால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. கேன்சரை முழுதாக எடுத்தாயிற்று, ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் அன்று சம்பந்தியம்மா உங்கள் ஊர் மாரியம்மனிடம் என் எடைக்கு எடை பூவன்பழம் துலாபாரம் தருவதாக வேண்டிக்கொண்டாராம். கூடப் பிறந்தவர்கள்கூட இவ்வளவு நினைக்க மாட்டார்கள். மனம் நெகிழ்ந்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். முப்பத்தோரு வருஷம் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். காந்தி மார்க்கெட்டில் எத்தனையோ தராசைப் பறிமுதல் செய்திருக்கிறேன். உங்கள் கோயில் தராசில் முத்திரை இல்லை என்பதைப் பிள்ளைகள் கல்யாணத்தின்போதே கவனித்தேன். முத்திரை குத்தாத தராசில் நான் எப்படி ஏறி உட்காருவது? ஆகவே இப்போதைக்குத் தள்ளிவைப்போம்.

இப்படிக்கு,
ரெங்கராஜ்


ஜீயபுரம்
11.10.2025

சம்பந்தி அவர்களுக்கு வீரமலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கடைசியாக நான் கடிதம் எழுதியது எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், பவுனம்மாளுக்கு. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயில் தராசை டிராக்டரில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோய் உங்கள் பழைய ஆபீசிலேயே முத்திரை குத்தி வாங்கிவிட்டேன். "இதுல யாருங்க எடை போடப் போறீங்க?" என்று அங்கிருந்தவர் கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். இத்தனை காலம் கழித்து எங்கள் அம்மன் சட்டப்படி நடக்கிறாள் என்று பூசாரி சிரிக்கிறார்.

வருகிற மாதம் இரண்டாம் தேதி ஞாயிறு. எங்கள் வாழைத்தோப்பில் தார்கள் முற்றி நிற்கின்றன. நீங்கள் வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி.

வீரமலை


ஸ்ரீரங்கம்
27.10.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தராசு விஷயத்தில் நீங்கள் எடுத்த முயற்சிக்கு நன்றி. இப்போது வேறொரு பிரச்சினை.

ஆபரேஷன் அன்று என் எடை தொண்ணூற்றாறு கிலோ. சம்பந்தியம்மா கொடுத்தனுப்பும் நெய் உருண்டை, ஆட்டுக்கால் சூப், என் மனைவி ஆனந்தவள்ளி மணிக்கொரு தரம் நீட்டும் தட்டு, எல்லாம் சேர்ந்து இன்று தொண்ணூற்றொன்பது. கேன்சர் வந்து பெருத்தவன் திருச்சி மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பத்து கிலோவாவது குறைத்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். இந்த உடம்போடு தராசில் ஏறினால் உங்கள் தோப்பு தாங்காது. இளைத்ததும் நானே சொல்லியனுப்புகிறேன்.

ரெங்கராஜ்


ஜீயபுரம்
08.11.2025

சம்பந்தி அவர்களுக்கு,

வெட்டிய தார் பழுத்துவிட்டது. ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அவர்களுக்கு இரண்டு நாள் திருவிழா.

மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் பக்கம் என்ன குறை வைத்தோம்? "அவங்க படிச்சவங்க, ஆபீசரா இருந்தவங்க. நம்ம ஊர் கோயில்ல, நம்ம சனத்துக்கு முன்னாடி உட்கார கூச்சமா இருக்கும். நான்தான் யோசிக்காம வேண்டிக்கிட்டேன்" என்று பவுனம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். நீங்கள் மூன்று மாதமாக அறையைவிட்டே வெளியே வருவதில்லை, யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை என்று மகள் போனில் அழுதாள். எங்கள் மேல் வருத்தம் என்றால் திட்டிவிடுங்கள். தராசைச் சாக்குச் சொல்லாதீர்கள்.

வீரமலை


ஸ்ரீரங்கம்
14.11.2025

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சம்பந்தியம்மா கண் கலங்கினார் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகவாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படித்ததும் கிழித்துப்போடுங்கள்.

எனக்குச் சிறுநீர் நிற்பதில்லை. தும்மினால் போய்விடுகிறது, எழுந்தால் போய்விடுகிறது, சிரித்தால் சொல்லவே வேண்டாம். அறுபத்துமூன்று வயதில் டயபர் கட்டிக்கொண்டு திரிகிறேன். ஒருநாள் கீரை வாங்கப் போன இடத்தில் வேட்டி நனைந்துவிட்டது. துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்றோடு வெளியே போவதை நிறுத்தினேன். நடக்காததால் எடை ஏறுகிறது. ஏறிய தொப்பை மூத்திரப்பையை அமுக்குகிறது, அதனால் இன்னும் ஒழுகுகிறது. எடையைக் குறைத்தால் பாதி சரியாகும் என்கிறார் டாக்டர். நடக்க வெளியே போனால்தானே!

ஊர் கூடி நிற்க, வெள்ளை வேட்டியில், தராசுத் தட்டில், உயரத் தொங்கவா? என்னால் முடியாது சம்பந்தி. ஆனந்தவள்ளியைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

ரெங்கராஜ்


ஜீயபுரம்
18.11.2025

அன்புள்ள சம்பந்தி,

கடிதத்தைக் கிழிக்கவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் நீங்கள் அப்படியே செய்யுங்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் முதுகுவலிக்குக் கேரளா போய் வைத்தியம் பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னேனே, நான் கேரளா எல்லையைக்கூடப் பார்த்ததில்லை. மதுரையில் இதே புராஸ்டேட் ஆபரேஷன், இதே கேன்சர். அப்போது தேவதர்ஷினிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பனுக்குக் கேன்சர் என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள் என்று பயம். பவுனம்மாளுக்கு மட்டும் தெரியும். மகளுக்கே தெரியாது. மறைத்துத்தான் உங்கள் வீட்டில் பெண்ணைக் கொடுத்தேன். இதற்காக நீங்கள் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் நான் குறை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அறைக்குள் கிடப்பதைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

எனக்கும் ஏழு மாதம் ஒழுகியது. கறுப்புக் கைலிதான் கட்டினேன். மதுரையில் ஒரு பெண் பயிற்சி சொல்லிக்கொடுத்தது. மூத்திரத்தைப் பாதியில் அடக்கினால் எந்தச் சதை இறுகுமோ, அதைச் சும்மா இருக்கும்போது இறுக்கிப் பிடித்து, ஐந்து எண்ணி விட வேண்டும். நான் வாழைக்கு நடுவில் நடந்துகொண்டே செய்தேன், ஒரு மரத்துக்கு ஒரு பிடி. ஒரு போகம் முடிவதற்குள் எட்டு கிலோ குறைந்தது, ஒழுகுவதும் நின்றது. வயிறு குலுங்கச் சிரித்தால் இன்றைக்கும் கொஞ்சம் உண்டு. அது போனால் போகட்டும்.

இரண்டு கறுப்புக் கைலியை, இங்கு வந்திருக்கும் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில் கிளம்புங்கள். நெய் உருண்டையை நான் நிறுத்திவிட்டேன்.

வீரமலை


ஸ்ரீரங்கம்
28.01.2026

அன்புள்ள மச்சானுக்கு,

சம்பந்தி என்று எழுதக் கை வரவில்லை. முறைப்படியும் மச்சான்தானே.

உங்கள் நவம்பர் கடிதத்துக்குப் பதில் எழுதாமல், போனில் "தையில வச்சுக்குவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டேன். எழுத வெட்கமாக இருந்தது. மறைத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் பெண் எடுத்திருப்பேனா என்று பல நாள் என்னையே கேட்டுப் பார்த்தேன். எடுத்திருக்க மாட்டேன் மச்சான். தேவதர்ஷினி மாதிரி ஒரு பெண்ணை இழந்திருப்பேன். ஆகவே மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான்.

இங்கே வாழை ஏது? வீட்டிலிருந்து காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை கரண்ட் கம்பத்துக்கு ஒரு பிடி என்று நடந்தேன். நடுவில் நின்று விளம்பரம் படிப்பதுபோல் பாவனை. இப்போது எண்பத்தேழு கிலோ, டயபர் போய் ஒரு மாதம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை துலாபாரத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. முந்தைய எடைக்குப் பழத்தை அடுக்கிவைத்ததால் தட்டு என்னைத் தூக்கி இடுப்பளவு உயரத்தில் நிறுத்திவிட்டது. "அண்ணன் எளச்சுட்டாங்க, நாலு சீப்பை எறக்குங்கப்பா!" என்று தங்கச்சி பவுனம்மாள் கத்த, ஊரே குலவை போட, நானும் சிரித்துத் தொலைத்தேன். எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. வேட்டியில் நனைவது தெரிந்தது. அந்த நொடியில்தான் உங்கள் கையிலிருந்த மஞ்சத்தண்ணிக் குடம் என் மேலும் உங்கள் மேலும் கவிழ்ந்தது. "இந்த வயசுல ஒரு கொடத்தைப் பிடிக்கத் தெரியல பாரு!" என்று தங்கச்சி உங்களைக் காய்ச்சி எடுத்தார். ஊர் முழுக்க உங்களைப் பார்த்துச் சிரித்தது. என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

முப்பத்தோரு வருஷம் வியாபாரிகளின் கையைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். அந்தக் குடம் கை தவறி விழவில்லை மச்சான்.

இன்னொன்றும் புரிந்தது. உங்களுக்கு ஆபரேஷன் நடந்தபோது தங்கச்சி வாய்விட்டு ஒரு வேண்டுதல்கூட வைக்க முடியவில்லை. வைத்தால் எதற்கு என்று ஊர் கேட்கும். உங்களுக்காக வைக்க முடியாததைத்தான் எனக்காக வைத்தார். அதனால் நான் இப்போது வேண்டிக்கொண்டுவிட்டேன். உங்கள் எடைக்கு எடை அச்சுவெல்லம், அதே கோயில், அதே தராசு. எதற்கு என்று மருமகள் கேட்பாள். நான் சொல்ல மாட்டேன், பெற்ற அப்பா வாயால் அவள் கேட்கட்டும்.

உங்கள்,
ரெங்கராஜ்


ஜீயபுரம்
06.02.2026

மச்சானுக்கு,

மகளிடம் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் அழுதாள், இரண்டு மணி நேரம் திட்டினாள், பிறகு என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். நான்கு வருஷம் அடக்கிவைத்ததைப் பவுனம்மாள் ஒரே நாளில் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அவளுக்கு இப்போது முகமே வேறாக இருக்கிறது.

மாசி முதல் ஞாயிறு. என் எடை எழுபத்திரண்டு. நீங்கள் பக்கத்தில் நின்றால் நான் சிரிக்காமல் இருக்க மாட்டேன். ஆகவே மாற்று வேட்டி இரண்டு கொண்டுவாருங்கள். இந்தத் தடவை குடம் உங்கள் கையில்.

வீரமலை