பெருநாளன்று திறந்த கடை

20 மார்ச் 1966, பண்டாரவளை

பட்டம் வாங்கி ஒரு வருடம். இப்போதைய தொழில்: வாப்பாவின் துணிக்கடையில் உட்கார்ந்து வேறு தொழிலுக்குக் காத்திருப்பது.

இன்று ஒரு சாதனை. சேலை அலுமாரிக்கு மேலே உத்தரத்தில் தகைவிலான் குருவி கூடு கட்டியிருக்கிறது. எச்சம் கீழே அடுக்கிய பூப்போட்ட சீத்தைத் துணியில் விழுகிறது என்று வாப்பா தட்டிவிடப் போனார். உயிர்களின் வாழும் உரிமை பற்றிப் பேசினேன். நீளமாக. துடைப்பத்தைக் கீழே வைத்தார் — இணங்கியா, களைத்தா, தெரியவில்லை.

"சரி மகன். ராவைக்குப் பூட்டக்குள்ள கதவில மேல் பலகை ஒண்ணை விட்டுப் பூட்டு. குருவி போய் வரட்டும். அது ஒன்ட பொறுப்பு."

இந்த ஊர்க் கடைக்காரர் பலர் செய்வதுதான். நான் ஏதோ கண்டுபிடித்தவன் போல.

23 மார்ச்

குஞ்சுகள். வாய்கள் மட்டும் தெரிகின்றன.

1 ஏப்ரல்

நாளை ஹஜ்ஜுப் பெருநாள். பதுளையில் தங்கை முஹ்ஸினா வீட்டுக்கு வந்துவிட்டோம். கடையை நான்தான் பூட்டினேன். பஸ்ஸில் ஜன்னலோரம். இயற்கையும் மனிதனும் என்று ஒரு கட்டுரை மனதில் ஓடியது. நன்றாகவே ஓடியது.

2 ஏப்ரல்

சோற்றில் கை வைத்தபோதுதான் நினைவு வந்தது. எல்லாப் பலகைகளையும் போட்டுவிட்டேன். குஞ்சுகள் உள்ளே. தாய் தகப்பன் வெளியே. நேற்று மாலையிலிருந்து — என்ன மனுசன்டா நீ?

வாப்பாவிடம் சாவி கேட்டேன்.

"எங்க?"

"கடைக்கு."

"பெருநாளைக்கா?"

அவர் முகம் மலர்ந்தது. பட்டம் வாங்கிய அன்றுகூட அப்படி மலரவில்லை. விளக்கியிருக்கலாம். பஸ் போய்விடும்.

பலகையைக் கழற்றியதும் ஒரு குருவி என் காதை உரசிக்கொண்டு உள்ளே போனது. சீத்தைத் துணியின்மேல் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. மற்றவை கத்தின, மெலிதாக. இணைக்குருவியும் வரட்டும் என்று எல்லாப் பலகைகளையும் கழற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

திறந்த கடைக்கு ஆள் வராதா? சித்திரை வருசம் வேறு நெருங்குகிறது. பெரகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மாரியாயி நுழைந்தாள்.

"பெருநா அன்னிக்குமா கடை? ஒங்க சனம் ஏசாதுங்களா தம்பி?"

"சும்மா திறந்தேன்."

"சும்மாதானே, அந்தப் பூப்போட்ட சீத்தையில ரெண்டு யார் அளந்து வெட்டுங்க. மேல என்னாத்தப் பாக்குறீங்க? துணி இங்க இருக்கு."

பக்கத்துக் கடை இத்ரூஸ் நானா புதுச் சாரம் உடுத்திக் கடந்துபோனார். "வாஹித் நானாட மகனா இது? காசெண்டா பெருநாளும் வெளங்காது போல."

வியாபாரிகளின் பேராசை பற்றி அவருக்கு நான் வகுப்பே எடுத்திருக்கிறேன்.

பிறகு மற்றக் குருவியும் வந்தது.

5 ஏப்ரல்

மகனுக்குக் கடையில் புத்தி வந்துவிட்டது என்று வாப்பா பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்கிறாராம். உண்மையைச் சொன்னால்? அப்புறம் நான் வியாபாரியும் இல்லை, குருவிகளின் காவலனும் இல்லை. சொல்லவில்லை.

12 ஏப்ரல்

கடை நிறையத் தோட்டத்துப் பெண்கள். "மாரியாயிக்கு வெட்டுன தம்பி எங்க? அவர்தான் வெட்டணும்." அன்று கூட்டைப் பார்த்தபடியே வெட்டியதில் இரண்டு யார் துணிக்கு ஏறக்குறைய மூன்று யார் கொடுத்திருக்கிறேன். தோட்டத்து லயம், வீட்டுக்கு வீடு செய்தி.

வாப்பா என் கையிலிருந்து கத்திரிக்கோலை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"மகன், நீ குருவியப் பாரு. துணிய நான் பாக்குறன்."

கூட்டுக்கு அருகில் ஸ்டூலும் போட்டுத் தந்தார். உட்கார்ந்தேன். குஞ்சுகள் காலையிலேயே பறந்துவிட்டன. அவரிடம் சொல்லவில்லை.