கேட்டி வெயிலுக்குச் செய்த வேலை

ஜனவரி 14, செவ்வாய்

டெக்சஸ் வெயிலை விட்டு இந்தக் குளிர் ஊர் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து இரண்டு மாதம். அதற்குள் பனி சுரண்டியே தோள்பட்டை விட்டுப்போய்விட்டது. மனைவி பர்வின் ஃபார்மஸி வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். "ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேங்க. வண்டி கேக்கல, ஓடிட்டே இருக்கு." நான் போய் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. "பதட்டத்துல மிதிச்சிருப்ப" என்றேன். மூன்றாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியவள். நம்பிவிட்டாள்.

ஜனவரி 17, வெள்ளி

மறுபடியும். 206-ஆம் நெடுஞ்சாலையில், சிக்னலில், முன்னால் ஸ்கூல் பஸ். இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்தி நிறுத்தினாளாம். ஜும்ஆ தொழுகையில் மனசு நிற்கவில்லை. செவ்வாயும் மூடுபனி, இன்றும் மூடுபனி. மூடுபனி நாளில் மட்டும் ஏன்?

ஜனவரி 18, சனி

யா அல்லாஹ். போனட்டைத் திறந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அவள் மேல் தப்பே இல்லை.

என்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டிலில் ஒரு தகட்டுக் கதவு உண்டு. அது குளிரில் உறையாமல் இருக்க, என்ஜினில் சூடான கூலன்ட் தண்ணீர் ஒரு சின்ன ஹோஸ் வழியாக அதைச் சுற்றிவரும். டெக்சஸில், கேட்டியில் இருந்தபோது, அந்த ஹோஸைத்தான் நானும் பக்கத்து வீட்டு ஃபைஸும் கழற்றி, த்ராட்டிலுக்குச் சூடு போகாதபடி பைபாஸ் பண்ணினோம். "இந்த வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு நூர் பாய்? காத்து குளிர்ச்சியா போச்சுன்னா பிக்கப் சும்மா பிச்சுக்கும்." பிக்கப்பும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. இங்கே வரும்போது சுத்தமா மறந்துபோச்சு. இப்போது மூடுபனியின் ஈரம் உறைந்து, கதவு திறந்தபடியே நின்றுவிடுகிறது. வீடு வந்து நிறுத்தினால் என்ஜின் சூட்டில் உருகிவிடுகிறது.

சொல்லணும். எப்படி?

ஜனவரி 19, ஞாயிறு

சொல்லவில்லை.

ஜனவரி 20, திங்கள்

"இந்த வாரம் நானே என் வண்டியில கொண்டு விடறேன்" என்றேன். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான். அவள் முகம் செத்துவிட்டது. தேநீர் ஊற்றும்போது கை நடுங்குகிறது.

ஜனவரி 25, சனி

அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ரிப்பேர் பண்ணினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆபீஸ் நண்பர் அனிருத் வீட்டு டிரைவ்வேயில் வைத்து ஹோஸைப் பழையபடி மாட்டினேன். நாற்பது நிமிஷம். இவ்வளவுதானா! இதற்கா ஒரு வாரம்?

வீட்டுக்கு வந்தால் பர்வின் சொல்கிறாள்: "வேலைய விட்டுட்டேங்க. போன்ல சொல்லிட்டேன். எனக்கு ஓட்ட வராது. யாரையாவது கொன்னுடுவேன்."

அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும்.

கத்துவாள் என்று நினைத்தேன். "எப்ப தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"போன சனிக்கிழமை."

"ஒரு வாரம் என் கை நடுங்குறதப் பார்த்துக்கிட்டே சோறு தின்னீங்களா?"

ஆமாம். தின்னேன்.

ஜனவரி 28, செவ்வாய்

அவளே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனாள். நான் பக்கத்து சீட்டில். நான் மாட்டியது சரியா என்று பார்க்கச் சொன்னாள். சரியாக இருக்கிறது என்றார். இன்னொரு தடவை கேட்டாள். மறுபடியும் சொன்ன பிறகுதான் சாவியை வாங்கினாள்.

ஜனவரி 31, வெள்ளி

பர்வினை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். மகள் ஹஃப்சா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் நல்ல மூடுபனி. ஜன்னலில் நின்று பார்த்தேன். திருப்பத்தில் அழகாக வேகம் குறைத்து, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். இன்றுதான் முதல் தடவையாக "போயிட்டு வர்றேன்" சொல்லாமல் போயிருக்கிறாள்.