இடக்காது இல்லாத ஊருக்கு ஒரு சைலன்சர்

அனுப்புநர்:
ரக்னா தோர்லாக்சன்,
நூலகர், பொது நூலகம்,
ஹோல்மார், சஸ்காட்சுவன் மாகாணம்.

பெறுநர்:
மாண்புமிகு பொதுப் பாதுகாப்பு அமைச்சர் அவர்கள்,
ஒட்டாவா.

பொருள்: வேட்டைத் துப்பாக்கியில் ஒலிகுறைப்பான் பொருத்துவதற்கு உள்ள தடையை நீக்கி, உரிமம் பெற்றவர்களின் காதுகளைக் காக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

1. நான் மேற்கண்ட ஊரில் நூலகராகப் பணிபுரிகிறேன். சத்தம் போடாதீர்கள் என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால், இந்த மனுவை நான் எழுதுவதில் யாருக்கும் வியப்பு இராது. ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக்கும் போகிறேன். இந்த இரண்டு தொழிலும் ஒத்துப்போகாது என்று இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது காதில் விழுவதில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

2. வலத் தோளில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுகிறவரின் வலக் காது தோளோடு ஒதுங்கிக்கொள்கிறது. இடக் காதுதான் குழாய்முனைக்கு முகம் கொடுத்து நிற்கிறது. முதலில் போவதும் அதுதான். எங்கள் ஊரில் ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு இடக் காது என்பது மூக்குக்கண்ணாடி மாட்டும் கொக்கி மட்டுமே.

3. இதனால் விளைவது என்ன என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய காபிக் கடையில், சன்னலோரம் ஒரு வட்ட மேசை இருக்கிறது. தினமும் காலையில் அதைச் சுற்றி ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து உலக விவகாரங்களைத் தீர்த்துவைக்கிறார்கள். எல்லோரும் வலக்கைக்காரர்கள். எனவே ஒருவர் சொல்வது அவருக்கு இடப்பக்கம் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். கேட்டவர் சொல்லும் பதில் சொன்னவரின் செத்த காதில் போய் விழும். ஆனால் அடுத்த ஆளின் நல்ல காதுக்கு எட்டிவிடும். அந்த மேசையில் பேச்சு ஒரே திசையில்தான் ஓடும். போன பிப்ரவரியில் ஸ்கூலி பார்தல் என்பவர் தம் அறுவடை இயந்திரத்தை விற்கப்போவதாகச் சொன்னார். செய்தி ஆள் ஆளாகக் கைமாறி, பெயரை வழியில் உதிர்த்துவிட்டு, மேசையைச் சுற்றி அவருடைய வலக் காதுக்கே வந்து சேர்ந்தது. அவர் உடனே குனிந்து சொன்னதைப் பக்கத்து மேசையிலிருந்து நானே கேட்டேன்:

"எவன் விக்கிறான்னு தெரியல. எவனா இருந்தாலும் கிறுக்கன். நான் எடுத்துக்கறேன், வேற எவன்கிட்டயும் வாயத் திறந்துடாதீங்கப்பா."

அதுவும் இடப்பக்கமாகத்தான் போயிற்று. இயந்திரம் இன்னும் அவருடைய கொட்டகையிலேயே நிற்கிறது. நல்ல இடத்துக்குப் போக இருந்தது, யாரோ முந்திக்கொண்டார்கள் என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

4. என் சொந்த நிலை சற்று மேலானது. நான் இடக்கைக்காரி, எனக்கு மந்தமாகியிருப்பது வலக் காது. என் கணவர் அக்செலுக்கு இடது. ஆகவே எங்கள் டிரக்கில் அவர் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்ட, நான் வலப்பக்கம் உட்கார்ந்தால், எங்கள் இரண்டு நல்ல காதுகளும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். வீட்டுக்குள் இந்த வசதி கிடையாது. எனவே முக்கியமான எதையும் நாங்கள் டிரக்கில்தான் பேசுவோம். எங்கும் போக வேண்டியிராத நாள்களிலும், வாசலில் நிற்கும் டிரக்கில் ஏறி உட்கார்ந்து பேசிவிட்டு இறங்கியிருக்கிறோம். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை வந்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, தள்ளிவிடட்டுமா என்று கேட்டார்.

5. காதடைப்பான் போட்டுக்கொண்டால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். குறி பழகும் மைதானத்தில் போட்டுக்கொள்கிறோம். காட்டில் முடியாது. எங்கள் பக்கத்தில் மான் வேட்டை என்பது தோப்பு விரட்டுதல். சிலர் பாப்ளர் தோப்புக்குள் ஒரு முனையில் நுழைந்து நடப்பார்கள். சிலர் மறுமுனையில் துப்பாக்கியோடு நிற்பார்கள். நடக்கிறவர்கள் விடாமல் குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். மான் கிளம்புவதற்காக மட்டுமல்ல. தாம் எங்கே வருகிறோம் என்று நிற்கிறவர்களுக்குத் தெரிவதற்காக. காதை அடைத்துக்கொண்டு நிற்கிறவனை எங்கள் ஊரில் யாரும் வரிசையில் சேர்க்கமாட்டார்கள். அடைக்காமல் நிற்கிறவன் ஒவ்வொரு வெடிக்கும் காதில் கொஞ்சம் இழக்கிறான். அதாவது, குரல் கேட்க வேண்டும் என்பதற்காகத் திறந்து வைத்த காதே, நாளடைவில் அந்தக் குரலைக் கேட்க முடியாமல் ஆகிறது.

6. மின்கலத்தில் இயங்கும் காதுமூடிகளும் இருக்கின்றன. மெல்லிய ஒலியை உள்ளே விட்டு வெடியோசையைத் தடுப்பவை. ஒரு ஜோடி எங்களிடமும் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே இருபதில் மின்கலம் படுத்துவிடுகிறது. கம்பளித் தொப்பியின் மேல் மூடி சரியாக உட்காருவதில்லை. காற்றடித்தால் உள்ளே ரயில் ஓடுகிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், குரல் வருகிறது என்று அது சொல்லும். எந்தப் பக்கத்திலிருந்து என்று அதை நம்பிச் சொல்ல முடியாது. நடந்து வருகிற எனக்கு அந்த இரண்டாவது தகவலில்தான் அதிக அக்கறை.

7. அந்த அக்கறைக்கு ஒரு காரணம் உண்டு. கடந்த நவம்பரில் தோப்புக்குள் நடந்தவர்களில் நானும் ஒருத்தி. மறுமுனையில் நின்றவர் அக்செல், அவருக்குச் சற்றுத் தள்ளி ஸ்கூலி. மான் பாதி வழியில் ஓடையை நோக்கித் திரும்பியது, நாங்களும் திரும்பினோம். நான் அவருக்கு நேர் எதிரே வெளிப்பட வேண்டியவள், அவருடைய இடப்பக்கத்து வில்லோ புதருக்குள் வந்துவிட்டேன். ஆரஞ்சு மேல்சட்டை போட்டிருந்தேன். புதர் அதை மறைத்திருந்தது. குரல் கொடுத்துக்கொண்டேதான் வந்தேன். கிளைகள் அசைவதைப் பார்த்து அவர் துப்பாக்கியைத் தூக்கினார். குழாயின் முனை என்னைப் பார்த்து நின்றதை நான் கிளைகளின் நடுவே கண்டேன். பிறகு அது தாழ்ந்தது. கண்ணால் தெளிவாகப் பார்க்காததைச் சுடக்கூடாது என்று அவருக்குச் சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த யாரோவுக்கு என் நன்றியை இம்மனுவின் வாயிலாகப் பதிவு செய்கிறேன்.

டிரக்கில் ஏறிய பிறகுதான் பேசினோம்.

"நீ குரலே குடுக்கலியே, ரக்னா."

"குடுத்துக்கிட்டேதான் வந்தேன்."

"எங்கேருந்து?"

"தோப்புக்குள்ள கால வச்சதுலேருந்து. ஸ்கூலிக்குக்கூடக் கேட்டுதாம்."

"ஸ்கூலிக்கா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியிலிருந்து சுடும் பாகத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். அது மாவு டப்பாவில் இருக்கிறது. நான் கேட்டு வாங்கவில்லை என்பதையும், திரும்பக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

8. ஒலிகுறைப்பான் என்பது குழாய்முனையில் திருகும் ஓர் உலோகக் குப்பி. அது துப்பாக்கியை ஊமையாக்குவதில்லை. நூற்று அறுபது டெசிபெல்லை ஒட்டிய வெடியோசையை இருபத்தைந்து, முப்பது டெசிபெல் குறைக்கிறது. அதன் பிறகும் பக்கத்துப் பண்ணை நாய் குரைக்கும். ஆனால் ஒரே வெடியில் காது பாழாகும் எல்லைக்குக் கீழே வந்துவிடுகிறது. நார்வேயிலும் ஃபின்லாந்திலும் நியூசிலாந்திலும் வேட்டைக்காரர்கள் இதைச் சாதாரணமாக மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். நம் நாட்டில் இது தடைசெய்யப்பட்ட சாதனம், வைத்திருந்தால் குற்றம். என் கணவரின் டிரக்கில் சைலன்சர் கழன்று விழுந்தால், ஊராரின் அமைதியைக் கெடுத்ததாகக் காவலர் அபராதம் எழுதுவார். அவருடைய துப்பாக்கியில் சைலன்சர் இருந்தால் கைது செய்வார். இரண்டு சட்டங்களும் தனித்தனியே மிகவும் நியாயமானவை என்று நம்புகிறேன். அவை ஒன்றையொன்று சந்தித்ததில்லை என்றே தோன்றுகிறது.

9. இது பற்றி விசாரிக்க ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எந்த அலுவலகம் என்பது இங்கு முக்கியமல்ல. பேசிய இளைஞர் மிகவும் பணிவானவர்.

"மேடம், சினிமால கொலைகாரங்க வச்சிருப்பாங்களே, அதுங்களா?"

"ஆமா தம்பி. சினிமால அவங்க காரும் ஓட்டுறாங்க, கோட்டும் போடுறாங்க."

"இல்ல மேடம், ஜனங்க பயப்படுவாங்களேன்னுதான்."

அவர் சொன்னதை நான் ஏளனம் செய்யவில்லை. யார் காதிலும் விழாமல் சுடுகிறவனைப் பற்றிய பயம் நியாயமானது. திருட்டு வேட்டைக்காரன் இதைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பதும் உண்மை. ஆகவேதான் யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிப்போகலாம் என்று நான் கேட்கவில்லை. துப்பாக்கி உரிமம் உள்ளவருக்கு, பாதுகாப்புப் பயிற்சி முடித்தவருக்கு, எண் பொறித்துப் பதிவு செய்து, வேட்டைத் துப்பாக்கிக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்கிறேன். தவறாகப் பயன்படுத்துகிறவனைக் கடுமையாகத் தண்டியுங்கள். அவன் கொலைகாரனாக இருந்தால் என் நூலகத்து உறுப்பினர் அட்டையையும் பறித்துவிடுகிறேன்.

10. என் காதும் என் கணவரின் காதும் இனி வரப்போவதில்லை. அவற்றுக்காக இந்த மனு இல்லை. எங்கள் மகள் ஸ்வாவாவுக்கு இந்த வசந்தத்தில் பன்னிரண்டு வயது ஆனது. வேட்டைப் பயிற்சியில் தேர்ச்சி பெற்றுவிட்டாள். குளிர்காலத்து இறைச்சி எங்கள் வீட்டில் கடையிலிருந்து வருவதில்லை. அக்செல் நின்ற இடத்தில் வரும் நவம்பரில் என் மேற்பார்வையில் அவள் நிற்பதாகப் பேச்சு. அவள் எழுதுவது வலக் கையால். ஹாக்கி மட்டை பிடிப்பது இடப்பக்கமாக. துப்பாக்கியை எந்தத் தோளில் வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. போன வாரம் டிரக்கில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, அதிகம் யோசிக்காமல் கேட்டாள்:

"அம்மா, நான் எந்தக் காத விடட்டும்? உன்னோடதா, அப்பாவோடதா?"

எந்த இருக்கை, எந்தச் சட்டை என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அவள் பார்த்த பெரியவர்கள் எல்லோரும் ஒன்றை விட்டவர்கள். அது வளர்ந்து ஆளாகும்போது செய்ய வேண்டிய ஒன்று என்று நினைத்திருக்கிறாள். அவள் கேள்விக்கான பதில் தங்கள் துறையின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

11. ஆகவே, வரும் நவம்பருக்கு முன் மேற்படித் தடையை மறுஆய்வு செய்து, மேலே ஒன்பதாம் பத்தியில் கண்ட நிபந்தனைகளோடு அனுமதி வழங்கும்படி வேண்டிக்கொள்கிறேன். இது குறித்து என்னிடம் பேச விரும்பினால், தயவுசெய்து தொலைபேச வேண்டாம். அக்செல் எடுத்தால் தவறான காதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுவார். நேரில் வந்தால் நல்லது. எங்கள் டிரக்கில் நடு இருக்கை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து தாங்கள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் எங்கள் இருவருக்கும் கேட்கும். அது ஸ்வாவாவின் இடம். தாங்கள் வந்தால் விட்டுக்கொடுப்பாள். அவள் வெளியே நின்றுகொள்வாள். அவளுக்கு இப்போதைக்கு எங்கிருந்து சொன்னாலும் கேட்கும்.

தங்கள் முடிவை எதிர்நோக்கி,

ரக்னா தோர்லாக்சன்
(கையொப்பம்)

இடம்: ஹோல்மார்
நாள்: 14 மே 2024