நெஞ்சுவலி இல்லையென்று சொன்ன பொய்

அக்கா,

இன்று காலை கிளினிக்கில் ஈசிஜி எடுப்பதற்காக நெஞ்சில் ஜெல் பூசினார்கள். அந்தக் குளிர் பட்டதுமே நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள்.

கொழும்பிலும் அன்று இப்படித்தான் பூசினார்கள். உங்கள் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்த காலம் அது. அப்பாவையும் அம்மாவையும் இந்திய அகதி முகாமிலேயே புதைத்துவிட்டு மன்னாருக்குத் திரும்பிய எங்களுக்கு வேறு ஒருவரும் இல்லை. நான் ஒன்றைத் தருகிறேன் என்றேன். இரத்தமும் பொருந்தியது.

சிறுநீரகம் கொடுப்பவரின் இதயத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் என்றார் வைத்தியர். நெஞ்சுவலி வருவதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா எப்படி இறந்தார் என்றார். காய்ச்சல் என்றேன். ஈசிஜியிலும் குறையொன்றும் தெரியவில்லை. அப்போதுதான் பக்கத்துக் கதிரையில் இருந்த நீங்கள் வாய் திறந்தீர்கள்.

“டொக்டர், இவன் பொய் சொல்லுறான். வள்ளம் இழுக்கேக்க நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு குந்துறவன். அப்பாவும் மாரடைப்பிலதான் போனவர்.”

அதன்பிறகு என்னை ட்ரெட்மில்லில், அந்த ஓடும் பட்டியில், நடக்கவிட்டுப் பார்த்தார்கள். நான்கு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இதயக் குழாய்கள் இரண்டில் அடைப்பு. இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது, ஒற்றைச் சிறுநீரகத்தோடு இந்த இதயத்தை விடவும் முடியாது என்று வைத்தியர் மறுத்துவிட்டார். எனக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். உங்களுக்கு இருந்த ஒரே வழி அடைபட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், மதவாச்சி தாண்டிய பிறகுதான் கேட்டேன். “ஏனக்கா சொன்னனீங்கள்?”

நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னீர்கள். “நீ போயிட்டியெண்டா, அந்தக் கிட்னியை வைச்சுக்கொண்டு நான் ஆரோட கதைக்கிறது?”

நான் ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் என் மாத்திரைகளை எடுத்துவைத்துவிட்டு, நான் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவீர்கள். உங்களுக்கு மிச்சமிருந்தது கொஞ்ச நாட்கள்தான். அதில் ஒரு மாதத்தை அப்படித் தொலைத்தேன். மாரி மழை தொடங்கியபோது நீங்கள் போய்விட்டீர்கள்.

இதயம் பரவாயில்லை, சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றார் இன்றைய வைத்தியர். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்களுக்கென்று நினைத்ததை இன்னும் நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், அக்கா.